வெள்ளைப் பட்டை ஓடிய மீன்

வெள்ளைக் கோடு எவ்வளவு தடிமனோ, சரக்கு அவ்வளவு அசல் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். தங்கச் சுரங்கத்து ஊரில் பிறந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? கறுத்த பாறையில் வெள்ளைக் கல் பட்டையாக ஓடினால் அங்கேதான் தங்கம். நந்திதுர்க் சுரங்கத்தின் அடியில் பாறையில் துளை போட்ட என் அப்பா சொல்லித் தெரிந்தது அது.

அந்தத் துளைகளின் தூசு அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. கடைசி மாதம் கஞ்சியைக்கூடத் தள்ளினார். சால்மன் மாதிரிக் கொழுப்புள்ள மீன் உள்ளே இறங்குகிறதா பாருங்கள் என்றார் மருத்துவர். பெங்களூரில் என்னோடு வேலை செய்பவர் அதற்கு மேல் பயமுறுத்தினார். "பண்ணையில வளத்தத வாங்கிடாதீங்க சார், எல்லாம் மருந்து. நோயாளிக்கு வெஷம். கடல்ல புடிச்சதா பாத்து வாங்குங்க."

கடையில் இரண்டு சால்மன் துண்டுகள் இருந்தன. ஒன்று அடர்சிவப்பு, கோடுகள் நூல் மாதிரி. மற்றது வெளிர் ஆரஞ்சு, கொழுத்த வெள்ளைப் பட்டைகள். கடைக்காரரிடம் கேட்கலாம்தான். சுரங்கக்காரன் மகன் கேட்பானா? பட்டையைக் காட்டி வாங்கினேன். விலையும் குறைவு. பாவம், இவருக்குத் தரம் தெரியவில்லை என்று ஊர் வரைக்கும் ரயிலில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்து இளித்துக்கொண்டே வந்தேன்.

மனைவி குழம்பு வைத்து, சோற்றோடு பிசைந்து அப்பாவுக்கு ஊட்டினாள். பெட்டியைக் கழுவப் போனவன் மீன் சுற்றியிருந்த உறையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். பண்ணையில் வளர்க்கப்பட்டது.

ஓடினேன். "நைனா, துப்பு! துப்பிடு!" அவர் வாய்க்குக் கீழே கையை ஏந்தி நின்றேன்.

"இன்னாங்க, கிறுக்கு புடிச்சிக்கிச்சா?" என்றாள் மனைவி.

"பண்ணை மீனுடி! வெஷத்த வாங்கியாந்துட்டேன்!"

அப்பா நிதானமாக மென்று விழுங்கினார். மூச்சு சேரும்வரை காத்திருந்தார்.

"முப்பது வருசம் கல்லத் தின்னவன்டா நானு. மீனுக்குப் போயி அழுவுற. கைய எடு." அவளைப் பார்த்தார். "நீ ஊட்டும்மா."

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. முதுகைப் பிடித்தபோது தோலும் எலும்பும்தான் கையில் பட்டன.

மருத்துவருக்கு போன் போட்டு உளறினேன். "நான் கேட்டதே கொழுப்புதானே? பண்ணை மீன்லதான் அது அதிகம். நீங்க பாத்த வெள்ளைப் பட்டையே கொழுப்புதான்" என்றார்.

அன்று அப்பா நாலு வாய் சாப்பிட்டார். மறுநாள் இரண்டு. அப்புறம் தண்ணீர் மட்டும். பத்தாம் நாள் காலை மூச்சு முட்டி இறந்தார்.