ஆள் ஒன்னு, கங்காணி ஏழு

“எழும்பு ராசாத்தி, எழும்பு” என்று விடிந்ததும் கலைச்செல்வி கொஞ்சுவது பிள்ளையை அல்ல, கணினியில் ஓடும் நிரலை. அது அசையாவிட்டால் அதே வாயால் திட்டும் விழும். கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லய வீட்டோடு இழுத்துக் கட்டிய அறையில் உட்கார்ந்து கொழும்புக் கம்பனிக்கு நிரல் எழுதுகிறாள். இணையக் கூட்டத்தின் நடுவே சேவல் கூவினால், “அது எங்க மேனேஜர்” என்பாள். யாரும் சிரிக்காவிட்டால் அவளே சிரித்துக்கொள்வாள்.

கொழும்பு வேலையில் குபர்னெட்டிஸ் என்றால் அவளுக்கு உயிர். நிரல்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கொடுத்துவிட்டால், எந்தப் பெட்டி எந்தக் கணினியில் ஓடுவது, விழுந்ததை எப்போது எழுப்புவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். “நூறு பெட்டி ஓடுற எடத்துல அது இல்லாட்டி நாங்க செத்தோம்” என்பாள். ஆசை யாரை விட்டது? கித்துல்கல ஆற்றில் உல்லாசப் படகு விடும் மாவனல்லை ஸப்ரி, முன்பதிவுக்கு ஓர் இணையத்தளம் கேட்டார். அவள் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை. அந்த ஒற்றைப் பெட்டிக்கும் குபர்னெட்டிஸையே, அதன் ஏழு மேற்பார்வை நிரல்களோடு, கொண்டுவந்து நிறுத்தினாள்.

வெசாக் விடுமுறைக்குக் கூட்டம் குவிந்தது, தளம் படுத்துக்கொண்டது. “தங்கச்சி, எங்கட போட் ஆத்துலதான் கவுழும். ஒங்கட சைட் கரையிலேயே கவுழுதே!” என்றார் ஸப்ரி. அடுத்த மாதப் பொசன் விடுமுறைக்கும் இப்படியென்றால் பழையபடி தொலைபேசியே போதும் என்றும் சொல்லிவிட்டார். அன்றிரவே அவள் கணினி முன் உட்கார்ந்துவிட்டாள்.

தோண்டிப் பார்த்தால் தப்பு அவளுடையதுதான். நிரல் உயிரோடு இருக்கிறதா என்று குபர்னெட்டிஸ் அடிக்கடி விசாரிக்கும். பதில் இல்லையென்றால் கொன்றுவிட்டுப் புதிதாக எழுப்பும். காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்று பேர் இல்லை, கூலியும் இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். அதைப் பார்த்தே வளர்ந்தவள், அதே கண்டிப்பை இங்கேயும் வைத்திருந்தாள். கூட்ட நேரத்தில் பாவம் அந்த நிரல் எழும்பி முகம் கழுவுவதற்குள் கொலை. மறுபடி எழுப்பல், மறுபடி கொலை. அதைக் கண்டுபிடித்து அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுப் புஷ்பம் அக்கா பயந்து ஓடிவந்துவிட்டார்.

“கொஞ்சம் நேரம் குடுத்தா சரிதானே?” என்று கேட்டார் கணவர் கிருஷ்ணகுமார், பள்ளிக்கூட ஆசிரியர்.

“சரிதாங்க. ஆனா இங்க ஆள் ஒன்னு, கங்காணி ஏழு. கொழுந்து எடுக்கிறவள விட்டுட்டு நான் கங்காணிமாருக்குல்ல சோறாக்குறேன்!”

அந்த வாரமே எல்லாவற்றையும் கழற்றினாள். ஒரே கணினி, விழுந்தால் எழும்பு என்று ஒரே கட்டளை. ஆசையாகக் கட்டியதைக் கலைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு தரம் விசைப்பலகையை விட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாள்.

பொசன் விடுமுறை. “அவ்வளவு நம்பிக்கைண்டா நீங்களே போட்ல ஏறுங்க பாப்பம்” என்று ஸப்ரி சவால் விட்டிருந்தார். ஆற்றங்கரையில் முன்பதிவு செய்தவர்களின் வரிசை பாதை வரை நின்றது. ஸப்ரிக்கு வாயெல்லாம் பல். கலைச்செல்வியின் கையில் போன் விடாமல் அதிர்ந்தது. வந்ததெல்லாம் புதுப் பதிவுகள்.

“நீ தண்ணியில இருக்கிறப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா?” என்றார் கிருஷ்ணகுமார், ஆற்றைக் கண்டாலே இரண்டடி பின்வாங்குகிறவர்.

“ஹரி ஹரி, சரிங்க, தானா எழும்பும்” என்று போனை அணைத்து அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கலைச்செல்வி துடுப்பை வாங்கிக்கொண்டு படகின் முன்வரிசையில் ஏறி உட்கார்ந்தாள்.