தம்பிக்கு இல்லை

என் மகளுக்கு ஐந்து வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். பாலசமுத்திரத்திலிருந்து விடிந்ததும் கிளம்பி, புத்தூரில் பஸ் மாறி, திருப்பதிக்குப் போவோம். வடமாலபேட்டை வரும்போது அவள் என் மடியில் தூங்கியிருப்பாள். அழுகையெல்லாம் எனக்கு முதல் வருஷத்தோடு தீர்ந்துவிட்டது. இப்போது தயிர்சோறு கட்டுவது மாதிரி இதுவும் ஒரு வேலை.

என் மாமியார் என் நைனாவின் கூடப்பிறந்த அக்கா. அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். எங்களில் பெண் எடுத்தால் பெண் கொடுக்க வேண்டும். அதனால் அத்தையின் கடைசி மகள் என் தம்பிக்கு என்று எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள்.

மகளுக்குத் தலசீமியா என்று கண்டுபிடித்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துத் தெலுங்கில் விளக்கினார். ரத்தத்துக்கான குறிப்பு எல்லோருக்கும் இரண்டு வரும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதில் ஒன்று பழுது. ஒன்று பழுதானால் பெரிதாக எதுவும் தெரியாது, இரண்டுமே பழுதாக வந்த பிள்ளைக்குத்தான் கஷ்டம். நாலில் ஒரு பங்கு அப்படி ஆக வாய்ப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படும் என்றும் சொன்னார். அர்த்தமயிந்தா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம்.

அத்தை தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். தம்பி கல்யாணத்துக்கு நாள் பார்க்க உட்கார்ந்தபோது சொன்னார்: "நாலுல ஒண்ணுன்னுதானே சொன்னாங்கோ? அந்த ஒண்ணு இவ வவுத்துல வந்துட்சி. இனிமே நம்ம வம்சத்துக்கு வராது."

நைனாவும் ஆமாம் என்றார். ரேஷன் கடை வரிசை மாதிரி, எங்கள் குடும்பத்தின் முறை முடிந்துவிட்டதாம். என் மகள் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டாளாம்.

"தம்பிக்கு டெஸ்ட் எடுக்காம நாள் குறிக்கக்கூடாது" என்றேன்.

"உன் வீட்டுக்கு வந்தது எல்லார் வீட்டுக்கும் வரணுமாடி?" என்றார் அத்தை. அதன்பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாதம். எனக்கு அது உறைக்கவுமில்லை.

தம்பி மட்டும் டெஸ்டுக்கு வருகிறேன் என்றான். மகளுக்கு ரத்தம் ஏற்றப் போன ஒரு நாளில் அவனையும் கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். அவனுக்கும் இருந்தால் பெண்ணுக்கும் பார்க்க வேண்டும், இரண்டு பேருக்கும் இருந்தால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. அவன் பயந்துபோயிருந்தான். அத்தை மகளை ரொம்பப் பிடிக்கும் அவனுக்கு.

ரிசல்ட் வாங்க அடுத்த முறை போனோம். மகளின் கையில் ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் பேப்பரோடு ஓடிவந்தான்.

"அக்கா, எனக்கு இல்லியாம்! ஒருத்தருக்கு இல்லன்னா போதுமாம், புள்ளிங்களுக்கு இந்த நோவு வராதாம். டாக்டரம்மாவே சொல்ட்டாங்கோ."

"சரி. காலையிலேர்ந்து ஒண்ணுமே துன்னலியே, போய்த் துன்னு" என்றேன்.

அவன் போனபிறகு பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அம்மா, ஒரே நைனா. நைனாவிடமிருந்த பழுது எனக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. அதற்குக் காரணமே கிடையாது, அப்படித்தான் விழும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவு சண்டை போட்டேன் என்று அதுவரை நம்பியிருந்தேன். இல்லை. அவனுக்கும் இருக்கும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று ஆகட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். மகள் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

கல்யாணம் புத்தூரில் நடந்தது. மாப்பிள்ளையின் அக்கா என்பதால் தாலியில் மிச்ச இரண்டு முடிச்சும் நான்தான் போட்டேன். அத்தை பக்கத்தில் நின்று, "இறுக்கிப் போடுடி" என்றார். இறுக்கித்தான் போட்டேன்.

பிறகு தம்பி, கல்யாணப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் என் காலில் விழுந்தான். "எம் புள்ளிங்க நல்லா இருக்கப் போறது உன்னாலதாங்க்கா" என்றான். கையில் அட்சதை இருந்தது. போடவேண்டும் என்று தெரிந்தது. பக்கத்தில் யாரோ என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி அதைக் கொட்டவைத்தார்கள்.