தொண்டை கட்டிய பபூன்

என் மகன் சினிமாவில் வாயே திறக்காமல், மனைவி திட்டத் திட்ட விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நிற்பானே, அதற்குத்தான் தியேட்டரே சிரிக்கிறது. இங்கிலீஷ் படம் பார்த்துக் கற்றது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் படித்தேன். அவர்கள் போட்டது தப்பு. அது பண்ணைக்காடு என்ற மலையூரின் பனியில் வந்தது.

ஐம்பதுகளில் நான் ஸ்பெஷல் நாடகத்தில் டான்ஸ்காரி. கதை தொடங்குமுன் பபூனும் நானும் ஜோடியாகச் சிரிக்க வைக்க வேண்டும். ஒத்திகை கிடையாது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, மேடையில்தான் முகம் பார்ப்போம். காட்சி என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்பின் தெரியாத இரண்டு பேர் பாதையில் மோதிக்கொண்டு சண்டை போடுவார்கள். முடிவில் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார்கள்.

பண்ணைக்காட்டுத் திருவிழாவுக்கு வந்த பபூன் மதுரைப் பக்கத்து ஆள். அவருக்கு அதுதான் முதல் பபூன் வேஷம். சந்தோஷம் தாங்காமல், வாழைத்தார் ஏற்ற வந்த காலி லாரியின் மேலே பனியில் நின்று, வளைவுக்கு வளைவு பாடிக்கொண்டே மலையேறியிருக்கிறார். வந்து இறங்கியபோது குரல் இல்லை. மிளகுக் கஷாயம் குடித்தும் வெறும் காற்றுதான் வந்தது.

ஆர்மோனியக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தாயி, இன்னைக்கு இவனைப் பாதியில எறக்குனாங்கன்னா எந்த ஏஜெண்டும் இனிமே கூப்பிட மாட்டான். பாத்துக்க."

மேடையில் ஆள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். கூட்டத்தில் ஒருவர், "ஏலே பபூனு, காசு கொடுத்தாத்தான் வாயத் தொறப்பியோ" என்றார். நான் போய் வேண்டுமென்றே தோளில் இடித்தேன்.

"ஏங்க, பாதைய மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. வாயில கொழுக்கட்டையா? ஓ, என் அழகைப் பாத்து மலைச்சுப் போயிட்டீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நிதானமாக, இல்லை என்று தலையாட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்புறம் எனக்குப் பயமில்லை. அவர் பேச வேண்டியதை நானே கேள்வியாகக் கேட்டேன். அவர் புருவத்தாலும் விரலாலும் பதில் சொன்னார்.

கடைசியில், "அப்ப என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றேன். ஆள் தலையாட்ட வேண்டாமா? விரலை மடக்கி எண்ணுகிறார். ஆர்மோனியக்காரரைப் பார்க்கிறார். மறுபடியும் எண்ணுகிறார். "சொல்லித் தொலைலே" என்று பெண்கள் பக்கமிருந்து சத்தம். அதற்குப் பிறகுதான் ஆட்டினார். திருவிழாக் கமிட்டித் தலைவரே மேடையேறி அவருக்குத் துண்டு போர்த்தி, அடுத்த வருஷமும் இதே ஜோடிதான் வர வேண்டும் என்றார்.

மறுநாள் வெள்ளனே பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் வந்து நின்றவர், கரகரத்த குரலில் என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

"ராத்திரி தலையாட்டுனது வேஷத்துக்கு இல்லங்க."

"தொண்டை சரியானதும் எங்க அப்பாகிட்ட வந்து சொல்லுங்க" என்றேன்.

வந்தார். அப்பா முன்னாலும் வாய் திறக்கவில்லை. மேடையில் போலவே நான்தான் அவரிடம் கேட்டு அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.