அக்கா வாசிக்கும் வேகம்

அந்தப் பழைய ஜப்பானியப் படங்களில் எனக்குப் பைத்தியம். மலிவுப் படங்கள். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து கொட்டகைகள் ஈயோட்டிய காலத்தில், கத்தியையும் பெண்ணுடம்பையும் காட்டி ஆள் சேர்க்க அவசரமாய் எடுத்தவை. ஆனால் கண்ணியமான படங்கள் வாய் திறக்காததை அவை கத்திச் சொல்லின: ஆலைக் கழிவில் செத்த கடல், சிறைக்காவலனின் கை, பட்டாள முகாமைச் சுற்றி விற்கப்பட்ட பெண்கள். அந்தக் கோபம் என் கோபம் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் ஊர் புளியந்தீவில் நாலைந்து பேர் சேர்ந்து மாதமொரு படம் காட்டுகிறோம். இம்முறை நெசவாலைப் பெண்ணொருத்தி பழிவாங்கும் படம். திரையின் அடியில் தமிழ் வசனம் ஏற்றுவது என் வேலை. எழுத்து எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதற்கு அக்காதான் அளவு. எழுத்துக் கூட்டி வாசிப்பவள். அவள் முடித்தால் எல்லாரும் முடித்துவிடுவார்கள்.

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், முதுகில் சூட்டுத் தழும்புகளோடு திரும்பியவள். வெளியே என்றால் கழுத்துவரை மூடிய முழுக்கைச் சட்டை. வீட்டில், என் முன்னால் மட்டும், முதுகு இறங்கிய பழைய சட்டை. படத்துக்கு வாறன் என்றிருந்தாள். திரும்பி வந்த பிறகு ஆட்களுக்கு நடுவில் அவள் இருக்கப்போகும் முதல் இடம் அது.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் மடிக்கணினி; அக்காவுக்குப் போட்டுக்காட்டி எழுத்தின் அளவு பார்க்கிறேன். ஆலை மேற்பார்வையாளன் அந்தப் பெண்ணை அறைக்குள் இழுக்கிறான். கமரா அவள் முதுகை விட்டு அசையவேயில்லை.

"எழுத்து ஒண்டும் வரல்லயே தம்பி. பழுதா?"

"இல்லக்கா. அவள் இதில ஒண்டும் கதைக்கல்ல."

"இவ்வளவு நேரமும் வாய் ஓயாமக் கதைச்சவள்தானே?"

சிரித்தேன். "சமூகப் பிரச்சினையச் சொல்ற படம் அக்கா. மறுகா, கடைசியில, எல்லாரையும் வெட்டுவாள், பாரன்."

"வெட்டட்டும். படம் எடுத்தவன் ஏன் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிக்கிறான்?"

இதற்கான பதிலை மேடைக்கென்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

"நீ என்ர முதுகப் பத்தி எழுதினது பேப்பரில வந்துதே," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "நாலு நாள் இருந்து வாசிச்சன். அதிலயும் நான் ஒண்டும் கதைக்கல்ல தம்பி."

அந்தக் கவிதைக்கு ஆட்கள் அழுதார்கள். தழும்பைக் கருகிய தாமரை இதழ் என்று எழுதியிருந்தேன். என்ன நடந்தது என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"இப்ப சொல்லன் அக்கா."

"ஏன், எழுதுறதுக்கா?"

படத்தைக் காட்டினோம். நான் நன்றாகத்தான் பேசினேன், கைதட்டினார்கள். அவள் வரவில்லை. இப்போது வீட்டுக்குள்ளும், இந்த வெக்கையிலும், அந்த முழுக்கைச் சட்டையைத்தான் போடுகிறாள்.