வெட்டாமல் வைத்திருக்கும் காசு

போன வருடம் தை அமாவாசை அன்று நடந்தது இது. முதுகுளத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற மிளகாய்க்காட்டு ஊர் எங்களுடையது. மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுக்க நானும் என் வீட்டுக்காரரும் விடியுமுன் கிளம்பி ராமேஸ்வரம் போயிருந்தோம். முதல் பறிப்பு மிளகாய்ப் பழம் முழுவதும் களத்தில் பரப்பிக் கிடந்தது. பாதி காய்ந்த நேரம். மழை வந்தால் மூட ஓரத்தில் எங்கள் நீலப் படுதாவை மடித்து வைத்து, நாலு கல்லையும் பக்கத்திலேயே போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

எங்கள் களத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேகம் கூடினால் களத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் எல்லார் வத்தலையும் மூடிவிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் சரி. முதலில் வத்தல், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள், நான் மேற்கே பார்த்தேன். கருகருவென்று நின்றது. உடனே என் கொழுந்தனுக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் அவர். எங்கள் வத்தலுக்குப் பக்கத்தில்தான் அவர் வத்தலும் காய்ந்தது.

"தம்பி, மேகம் இறங்குது. அங்கன ஓரத்துல படுதா கிடக்கு, கொஞ்சம் இழுத்து விட்ருங்க."

"நான் களத்துலதான் மதினி நிக்கிறேன். நீங்க கவலப்படாம வாங்க."

நானும் கவலைப்படாமல் வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாவிடம் என் கொழுந்தனைப் பற்றிப் பெருமை வேறு பேசிக்கொண்டு வந்தேன். என்ன சொல்ல!

சாயங்காலம் களத்துக்குப் போய்ப் பார்த்தால் எங்கள் பழம் தண்ணீரில் மிதக்கிறது. அவருடைய வத்தல் அம்பாரமாகக் கூட்டி, மேலே இரண்டு படுதா போர்த்தி, பச்சைப் பிள்ளையைப் பொத்தி வைத்தது மாதிரி இருக்கிறது. மேலே கிடந்தது எங்கள் நீலப் படுதா. மூலையில் நான் ஒட்டுப்போட்ட சிவப்புத் துணி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"எங்க படுதா காத்துல கிழிஞ்சு போச்சு மதினி. ஒரு ஆளு ரெண்டு பக்கமும் எப்படி ஓடுறது?" என்றார் கொழுந்தன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிழிந்தது உண்மைதான், அடியில் கிடந்ததைப் பார்த்தேன். ஆனால் எங்களுடையதை எடுத்து எங்கள் வத்தலில் போட எத்தனை நேரம் ஆகும்?

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "சரிடா, விடு. நனைஞ்சு போய் நிக்கிற. போய்த் துணிய மாத்து" என்றார். அவ்வளவுதான். குனிந்து எங்கள் பழத்தின் நடுவே தேங்கிய தண்ணீரைக் காலால் தள்ளிவிட ஆரம்பித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல் பறிப்பு முழுக்கச் சண்டாகிப் போனது. நனைந்த பழம் வெளுத்து ஒன்றுக்கும் ஆகாத சண்டாகிவிட்டால் சந்தையில் எந்த வியாபாரியும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்த நஷ்டத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்த மனுசன் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. டீக்கடையில் சிரித்தார்கள். "சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவனா இருந்தா கேட்டிருப்பான்" என்று யாரோ சொன்னது என் காதுக்கும் வந்தது. கமுதியிலிருந்து வந்த என் தம்பி, "என்னக்கா, மச்சான் இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்காரு?" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனுசன் கோழையா, பெரிய மனசுக்காரரா என்று தெரியாமல் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப்பக்கம், அநியாயம் செய்தவர்கள் மேல் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவார்கள். வாசலில் காசை வைத்து உளியால் இரண்டாக வெட்டிவிட்டால் அந்த வீட்டோடு உறவு அறுந்தது. நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது. மற்றதைக் காளி பார்த்துக்கொள்வாள். நான் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தேன், வெள்ளிக்கிழமை போய் வெட்டுவது என்று.

வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். "வெட்டிட்டா நம்ம புள்ளைக காலத்துலயும் ஒட்டாது புள்ள" என்று மட்டும் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. காசு அப்படியே இருந்தது, கோபமும் அப்படியே இருந்தது.

மாசிக் கடைசியில் இன்னொரு மழை வந்தது. நல்ல மத்தியானம். என் வீட்டுக்காரர் சாக்கு வாங்க முதுகுளத்தூர் போயிருந்தார். கொழுந்தனும் அவர் பெண்சாதியும் ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த உறவுக்காரரைப் பார்க்கப் போயிருந்தார்கள். களத்தில் நான் மட்டும், படுதாவை எடுத்துப்போக வந்தவள். எங்கள் இரண்டாம் பறிப்பை அன்று காலையில்தான் மூட்டை பிடித்து வீட்டில் சேர்த்திருந்தோம். அவருடைய இரண்டாம் பறிப்பு முழுவதும் விரிந்து கிடந்தது. இரத்தச் சிவப்பு. கண் கூசுகிற மாதிரி நல்ல பழம்.

காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. என் பக்கத்தில் அதே நீலப் படுதா. மூக்கில் ஒரு துளி விழுந்தது. 'நல்லா நனையட்டும்' என்று வாய்விட்டே சொன்னேன். காளி எனக்காகவே இந்த மழையை அனுப்பியிருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். வீட்டைப் பார்த்து நாலு எட்டு நடந்துவிட்டேன்.

பிறகு என்ன ஆனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி ஓடினேன். பலகையால் பழத்தை இழுத்துக் கூட்டினேன், படுதாவைப் போர்த்தினேன். மூன்று மூலைக்குத்தான் கல் கிடைத்தது. நாலாவது மூலையின்மேல் நானே உட்கார்ந்துகொண்டேன். மழை விடும் வரைக்கும் தொப்பலாக நனைந்துகொண்டு ஒருத்தி மிளகாய்க்குக் காவல் உட்கார்ந்திருந்தாள் என்று ஊரே சிரித்திருக்கும்.

இரக்கமா என்று கேட்டால், பாதி ஆமாம். பழம் நனைவதைப் பார்க்க முடியவில்லை. அது யார் வீட்டுப் பழமாக இருந்தாலும் மனசு கேட்காது. ஆனால் மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். கொழுந்தன் வந்து அந்தச் சிவப்பு ஒட்டைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு குளிருக்குச் சூடான டீ குடித்த மாதிரி இதமாக இருந்தது.

அவர் வந்தார், பார்த்தார். மறுநாள் வத்தலை அள்ளிக்கொண்டு ரோட்டோரம் கொண்டுபோய்க் காயப்போட்டார். ஊரோ தலைகீழாகப் பேசியது. "அந்தக் குடும்பத்துக்கே பெரிய மனசுப்பா" என்று அதே டீக்கடையில் சொன்னார்களாம்.

சில நாள் கழித்துக் குழாயடியில் கொழுந்தன் பெண்சாதி என் பக்கத்தில் வந்து குடத்தை வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிறாதீக. நீங்க அன்னைக்கு நனைய விட்டிருந்தா ரெண்டு வீட்டுக்கும் சரியாப் போயிருக்கும். நாங்களும் நாலு வார்த்தை ஏசிட்டு நிம்மதியா இருந்திருப்போம். இப்ப அவருக்குச் சோறு இறங்கல. அவுக அண்ணன் வார தெருவுல நடக்க மாட்டேங்கிறாரு."

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க நடக்க அந்தச் சந்தோஷமே என்னைக் கலக்கியது. நான் உதவி செய்தேனா, அடித்தேனா?

வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டே விட்டேன். "அன்னைக்கு அவரை எதுக்கு மன்னிச்சீங்க?"

சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்தினார். "மன்னிச்சேன்னு உங்கிட்ட எவன் சொன்னான்? காலையிலதான் அய்யாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வாரேன். எதுத்தாப்புல அய்யா மூஞ்சிய உரிச்சு வச்ச மாதிரி இவன் நிக்கிறான். வாயத் திறந்திருந்தா அந்த மூஞ்சியிலயே கை நீண்டிருக்கும். பயந்துட்டேன் புள்ள." ஊசியைத் திரும்பக் குத்திக்கொண்டே, "நாந்தான் பயந்தவன். நீதான் மன்னிச்சவ" என்றார்.

கோழை என்று நான் நினைத்த மனுசன் தன் கையைத்தான் கட்டிப்போட்டு நின்றிருக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் பயம். பெரிய மனசு என்று ஊர் சொன்ன நானோ, ஒரு மனுசனைத் தலை நிமிர முடியாமல் செய்துவிட்டு உள்ளுக்குள் சிரித்தவள். இதில் யார் பலசாலி, யார் பலவீனமானவர்?

இந்த வருடம் கொழுந்தன் வத்தல் திரும்பவும் களத்துக்கு வந்திருக்கிறது, எங்களை விட்டுத் தள்ளி இருக்கிற மூலையில். பேச்சு இன்னும் இல்லை. மஞ்சள் துணி முடிச்சு சாமி படத்துக்குக் கீழேயே இருக்கிறது. மன்னிக்காதவள் என்றால் அதை இந்நேரம் வெட்டியிருக்க வேண்டும், மன்னித்தவள் என்றால் அவிழ்த்து உண்டியலில் போட்டிருக்க வேண்டும். விளக்கேற்றும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கே மேகம் கறுத்தால் அந்த மூலைக்கும் நான் ஓடுவேன், அது எனக்குத் தெரியும். எதற்காக ஓடுவேன் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.