மாதிரிப் பல்லோடு நான்கு நாட்கள்

ஐம்பத்து நான்கு வயதில், பல்லில் ஒரு வலியும் இல்லாமல், சிரிப்பை அழகாக்கிக்கொள்வதற்காக ஒருத்தி தி. நகரில் பல் டாக்டரின் மாடிப்படி ஏறுகிறாள் என்றால் வீட்டில் இருப்பவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் இரண்டு அறை. ஒன்றில் நான் இருக்கிறேன், இன்னொன்றில் துணி காய்கிறது.

ஆபீசில் ஒருவருடைய பிரிவுபசாரத்துக்கு எடுத்த படம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. இருபது பேர் வாய் நிறையச் சிரிக்கிறார்கள். நடுவில் நான் மட்டும் துக்கம் கேட்க வந்தவளைப் போல உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு கேஷ் கவுண்டருக்குப் பக்கத்தில் மாட்டியும் விட்டார்கள். தினம் காலையில் உள்ளே நுழைந்ததும் என் மூஞ்சியில் நானே விழிக்க வேண்டியிருந்தது.

சின்ன வயதில் எனக்கு ஓயாத காய்ச்சல். அதற்குக் கொடுத்த மருந்து, முளைக்கக் காத்திருந்த பற்களில் ஏறிவிட்டது. முன்பல் ஆறிலும் சாம்பலும் பழுப்புமாகக் குறுக்கே பட்டை. எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் கறை மேலே இல்லை, பல்லுக்குள்ளேயே இருக்கிறது.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா, "வாயை மூடிண்டு சிரி, போறும்" என்று சொல்லி அனுப்பினாள். மைலாப்பூரில் அந்த நாளில் பெண் பார்க்க வந்தவர்கள் பாட்டுக் கேட்காமல் எழுந்து போக மாட்டார்கள். ஏழு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள் நான். பாடினால் வாய் திறக்க வேண்டுமே. "அவளுக்கு நேத்துலேர்ந்து தொண்டை கட்டியிருக்கு" என்று அம்மா கூசாமல் சொல்லிவிட்டாள். பரவாயில்லை என்று அவர்களும் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுச் சம்மதம் சொன்னார்கள்.

அம்மா சொன்னது ஒரு சாயங்காலத்துக்கான பொய். நான் அதைப் பதினோரு வருஷம் கட்டிக் காத்தேன். மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டோம் என்று அவர் வீட்டில் பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம். சிரிப்பு வந்தால் புடவைத் தலைப்பு வாய்க்குப் போய்விடும், அல்லது நான் சமையலறைக்குப் போய்விடுவேன். பாட்டை அடியோடு விட்டேன். பேச்சையும் சுருக்கிக்கொண்டேன். குழந்தை பிறக்கவில்லை. சண்டை என்று சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் அவர், "ரெண்டு பேரும் ஏன் இப்படிக் கஷ்டப்படணும்" என்றார். சரி என்றேன். பிரிந்து பதினாறு வருஷம் ஆகிறது. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு ஆதம்பாக்கத்தில் இருக்கிறார், பத்தாவது படிக்கிற பெண் இருக்கிறாள். பொங்கலுக்கு ஒரு வாட்ஸ்அப் வாழ்த்து வரும். நானும் ஒன்று அனுப்புவேன்.

பல் டாக்டர் சின்னப் பெண். என் வாயைப் பார்த்து முகம் சுளிக்காததற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"ரெண்டு வழி இருக்கு மேடம்," என்றாள். "ஒண்ணு காம்போசிட். பசை மாதிரி இருக்கும். உங்க பல்லு மேலயே வெச்சு, உருவம் கொடுத்து, லைட் காட்டி இறுக வெப்பேன். உங்க சொந்தப் பல்லைக் கொஞ்சம்கூடத் தேய்ச்சு எடுக்க வேண்டியிருக்காது. ஆனா காபி கறை பிடிக்கும், ஓரத்துல உடையலாம், சில வருஷத்துல திரும்பச் செய்யணும். இந்த மாதிரி அழுத்தமான கறையை முழுசா மறைக்கறதும் கஷ்டம், லேசா நிழல் தெரியும்."

"இன்னொண்ணு?"

"செராமிக். லேப்ல செஞ்சு வரும், மெல்லிசா ஓடு மாதிரி. அதை ஒட்டுவோம். கறை சுத்தமா மறைஞ்சிடும், ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா அது உக்காரணும்னா உங்க பல்லுல முன்பக்கத்தைக் கொஞ்சம் தேய்ச்சு எடுக்கணும். எடுத்தா எடுத்ததுதான். அப்புறம் வாழ்நாள் முழுக்க அது மேல ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும்."

எனக்கு செராமிக்தான் வேண்டியிருந்தது. அந்தப் பட்டைகளைத் தேய்த்து எடுக்கிறார்கள் என்பதே காதுக்கு இனிமையாக இருந்தது. உடனே ஆரம்பித்துவிடலாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. முதலில் மாதிரி ஒன்று வைத்துப் பார்ப்பது அவள் வழக்கமாம். பல்லைத் தொடாமல், மேலே பிளாஸ்டிக்கில் ஒரு மூடி போட்டு அனுப்புவாள். நான்கைந்து நாள் தாங்கும். ஒரு மணி நேரத்தில் போட்டும் விட்டாள்.

"வீட்ல எல்லார்கிட்டயும் காமிங்க. உங்களுக்கே உங்க முகம் பழகிப்போயிருக்கும், சரியாத் தெரியாது. கூட இருக்கறவங்க சொல்றதுதான் கரெக்டா இருக்கும். கேட்டுட்டு வந்து முடிவு சொல்லுங்க."

காட்டுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது.

மறுநாள் தெற்கு மாட வீதியில் காய்கறிக்காரம்மாவிடம் ஆரம்பித்தேன். பன்னிரண்டு வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறேன். கத்தரிக்காயைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே பல் தெரியச் சிரித்தேன். அவள் தராசிலிருந்து கண்ணை எடுத்து, "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

ஆபீசில் எதிர் மேஜைக்காரர் என் சிரிப்பைப் பார்த்ததும், தன் ஃபைலில் ஏதோ தப்புக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேல்மாடி மாமியை லிஃப்டில் பிடித்தேன். புன்னகையோடு நேருக்கு நேர் நின்றேன். "பவுடர் மாத்தியிருக்கேளோ?" என்று கேட்டாள். ஏதோ மாறியிருக்கிறது என்றாவது அவளுக்குத் தோன்றியதே என்று அன்று பூராவும் சந்தோஷப்பட்டேன். இவ்வளவுக்கு இறங்கிவிட்டோமே என்று சாயங்காலம் எரிச்சலும் வந்தது.

மூன்றாம் நாள், தட்டில் உப்புமாவை ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது விஷயம் உறைத்தது. அவர்கள் மேல் குற்றமில்லை. புதுப் பல் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் பழைய பல்லைப் பார்த்திருக்க வேண்டும். நான் யாருக்குக் காட்டினேன்? அம்மா போய்விட்டாள். தினம் பக்கத்தில் படுத்து எழுந்த ஒருவர் பார்த்திருக்கலாம், எவ்வளவு மறைத்தாலும் பதினோரு வருஷத்தில் ஒரு தடவையாவது பார்த்திருப்பார். உலகத்தில் பாக்கி இருப்பது அவர் ஒருத்தர்தான். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு அழுகை வந்தது. உப்புமாவைத் தள்ளி வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

நான்காம் நாள் அவருக்கு போன் செய்தேன். யாராவது போய்விட்டார்களா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, ஒரு விஷயத்தில் யோசனை கேட்க வேண்டும் என்றேன். தனக்கு அன்று அடையாறில் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். சிக்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற டிபன் ஹோட்டலில் நாலரை மணிக்குச் சந்தித்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்குச் சர்க்கரை குறைவாக ஒரு காபி என்று கேட்காமலே சொன்னார். அதை அவர் மறக்காமல் இருந்தது எனக்குப் பிடிக்கவும் செய்தது, கோபமும் மூட்டியது.

இரண்டு வகைப் பல்லைப் பற்றியும், இப்போது போட்டிருப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி என்பதையும் சொன்னேன். ஆபீஸ் லோனுக்கு யோசனை கேட்டால் எப்படிக் கேட்டுக்கொள்வாரோ அதே கவனத்தோடு கேட்டுக்கொண்டார். அப்புறம் நான் வாயைத் திறந்து, நன்றாகச் சிரித்துக் காட்டினேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நன்னா இருக்கா? முன்ன இருந்ததுக்கு இது தேவலையா? உங்களைத் தவிர கேக்கறதுக்கு எனக்கு ஆள் இல்லை."

"முன்ன எப்படி இருந்துது?"

"கறை கறையா இருக்குமே. நீங்க பாத்ததில்லையா?"

"பேசறச்சே ஏதோ லேசாத் தெரியும். காபி குடிக்கறவாளுக்கு இல்லாததா." டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லையே. ஒரு தடவைகூட. நான் ஏதாவது சொன்னா எழுந்து உள்ள போயிடுவே. என்னைக் கட்டிண்டது உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சிண்டிருந்தேன். அதான் உன்னை விட்டுடலாம்னு தோணித்து."

நான் உள்ளே போனதெல்லாம் சிரிப்பை அடக்க முடியாமல்தான். அவர் வேடிக்கையாகப் பேசுவார். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவருடைய போன் அடித்தது. "இதோ கெளம்பிட்டேன், டியூஷனுக்கு நான்தான் கூட்டிண்டு போறேன்" என்று பெண்ணிடம் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இப்ப சிரிச்சே பாரு, அது ரொம்ப நன்னா இருந்துது. இதையே போட்டுக்கோ" என்றார். பிளாஸ்டிக் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

சொல்லாமலே அவரை அனுப்பினேன். இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்லி, டியூஷனுக்கு வண்டி எடுக்கப் போகிறவரைக் கலக்குவானேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. மந்தைவெளி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் டாக்டர் மாதிரியைக் கழற்றி எடுத்தாள். கழற்றியதும் என் பல் காற்றுப் பட்டுக் கூசியது. செராமிக்தானே என்று கேட்டுக்கொண்டே லேபுக்கு எழுதக் காகிதத்தை எடுத்தாள். வேண்டாம், காம்போசிட்டே போதும் என்றேன். நிழல் தெரியும், காபி கறை பிடிக்கும், திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும் என்று அவள் மறுபடி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். தெரியட்டும், வருகிறேன் என்றேன். அவருக்கு நான் காட்டாமலே விட்ட பல் இது. அதைத் தேய்த்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை.