வடக்கு என்றால் தெற்கு

ஜெனீன் பெல்லெரோஸ் பள்ளிக்கூடச் சமையல்காரி. வூன்சாக்கெட் ஊரில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டவள். பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு "குடிச்சிட்டேன்" என்று எந்தப் பிள்ளை சொல்கிறது என்பது முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர். அந்தப் பேரை அவளும் நம்பினாள், பாவம்.

அதற்கான பயிற்சி வீட்டிலேயே கிடைத்தது. தம்பி அர்மாண்ட் வாயைத் திறந்தால் பொய்தான். கெட்டவன் இல்லை. கூரை வேய்கிற தொழிலில் ஒருத்தரையும் ஏமாற்றினது கிடையாது, பெண்டாட்டி கிளாடெட்டுக்கும் உண்மையாக இருந்தான். மீன் விஷயம் என்று வந்துவிட்டால் மட்டும் பெற்ற தாயிடமே புளுகுவான்.

அவனை மட்டும் சொல்லி என்ன! கரையில் நின்று அலைக்குள் தூண்டில் வீசுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ஜாதியே அப்படித்தான். உடம்பில் கோடு கோடாக ஓடும் அந்த ஸ்ட்ரைப்பர் மீன் இன்ன பாறைக்கு இன்ன நேரத்தில் வரும் என்று ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டால் உயிரே போனாலும் சொல்ல மாட்டான். வடக்கில் பிடித்த மீனைத் தூக்கிக்கொண்டு தெற்குப் பாதை வழியாகச் சுற்றி வருவான். சைக்கிளைப் புதருக்குள் ஒளித்து வைப்பான். மீன் கிடைத்ததா என்று கேட்டால், கையிலிருக்கும் மீனின் வாலில் ரத்தம் சொட்டச் சொட்ட, "வெறும் பாசிதான் மாட்டுச்சு" என்பான். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. கேட்கிறவனும் அடுத்த நாள் அதே பொய்யைத்தான் சொல்லப்போகிறான்.

வருஷா வருஷம் ஜூன் மாசம் மூன்று பேர் பிளாக் ஐலண்ட் தீவுக்குப் போவார்கள். ஜெனீன், அர்மாண்ட், அவனோடு கூரை வேலை பார்க்கும் லூசியன். ஒரு வாரம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். கிளாடெட் வர மாட்டாள், மீன் வாடையே அவளுக்கு ஆகாது. ஜெனீனின் புருஷன் ரொஸேர் இருந்தவரை அவனும் வருவான். அவன் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஆம்பிளைகளுக்குச் சமமாக அலைக்குள் இறங்கி நின்று வீசுகிற பெண் அந்தக் கரையிலேயே அவள் ஒருத்திதான்.

அர்மாண்டின் பொய்க்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அவன் வடக்கு என்றால் தெற்கு. கிழக்கு என்றால் மேற்கு. ஒரு வருஷம் கிழக்குக் கரையில் மீன் குவிந்து கிடக்கிறது என்று சத்தியம் பண்ணி அவளையும் லூசியனையும் அனுப்பிவைத்தான். இருவரும் விடியவிடியக் குளிரில் விறைத்துப்போய் நின்றார்கள். அவனோ மேற்கே சாவகாசமாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் அவன் பேச்சைத் திருப்பிப் போட்டே கேட்பாள், ஒரு தடவையும் தப்பவில்லை. "இவன் புளுகுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்று லூசியனிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

பிறகு அவள் வலது தோளில் ஆபரேஷன் ஆயிற்று. அதற்கப்புறம் இரண்டு கோடையாக ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. நீளமான தூண்டில் கோலைச் சுழற்றி வீசக் கை வரவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் எறிவது பாறைக்கு அந்தப் பக்கம் விழும், இவள் எறிவது காலடியிலேயே விழும். வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். இந்த வருஷமும் வெறுங்கை என்றால் இனி வரவே கூடாது என்று தீர்மானித்திருந்தாள். ரொஸேர் போன வீட்டில் அவளுக்கென்று இருந்தது இந்த ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் வேறென்ன இருக்கிறது?

தீவுக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம். லூசியன் வெளியே குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். அர்மாண்ட் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நாளைக்குக் காலையில என்கூட வா. வடக்கு முனை. தண்ணி வத்துறப்போ மணல் திட்டு மேல நடந்து போயிடலாம். மீன் காலடியிலேயே மேயுது. தூரமா வீசவே வேண்டாம்."

ஜெனீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருகிட்டடா விடுற இந்தக் கதையெல்லாம்?"

"சத்தியமா அக்கா. லூசியனுக்குக்கூடச் சொல்லலை."

"போன தடவையும் சத்தியம்தான் பண்ணின."

"அது சும்மா. இது நெஜம்."

"சரிடா ராசா, வரேன்" என்றாள். மனசுக்குள், அப்படியானால் தெற்கே கருப்புப் பாறையில்தான் இவனுக்கு மீன் மாட்டியிருக்கிறது என்று முடிவு கட்டினாள். வடக்குக்கும் கருப்புப் பாறைக்கும் நடுவே தீவு முழுக்கக் கிடக்கிறது. என்னை அந்தக் கோடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இவன் நழுவி வந்து இந்தக் கோடியில் அள்ளப் பார்க்கிறானே! தோள் போனவள் என்று இளப்பம். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

விடியும் முன்னே அவன் அவள் அறைக் கதவருகே வந்து நின்றான். "அக்கா, வரியா?" என்று மெல்லக் கேட்டான். அவள் தூங்குவதுபோல் படுத்திருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி, எழுந்ததும் வா. நான் அங்கேயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் அவள் எழுந்து ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு தெற்கே கிளம்பினாள்.

எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. செங்குத்தான கரையில் தட்டுத்தடுமாறி இறங்கிக் கருப்புப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒருத்தரும் கண்ணில் படவில்லை. பனிக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டு நிற்கிறான் திருட்டுப்பயல் என்று நினைத்தாள். "டேய் அர்மாண்ட்! வெளிய வாடா! கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்!" என்று கத்தினாள். அலைச் சத்தம்தான் வந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டாள். வலியைப் பொறுத்துக்கொண்டு காலை முழுக்க வீசினாள், ஒன்றும் கடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது லூசியன் பன்றி இறைச்சி போட்ட அவரைக் குழம்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தான்.

"அவன் எங்க?" என்று லூசியன் கேட்டான்.

"வருவான். பசிச்சா வராம எங்க போவான்?"

குழம்பு சுண்டியது. அவன் வரவில்லை. பதினொரு மணி வாக்கில் லூசியன் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பித்தான். "ஜெனீன், எனக்கு என்னமோ சரியாப் படலை" என்றான். அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. கருப்புப் பாறை முழுக்கப் பாசி, வழுக்கினால் மண்டைதான் உடையும். நான் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பாறை இடுக்கில் விழுந்து கிடந்தானோ? இரண்டு பேரும் துறைமுகத்துக்கு ஓடினார்கள்.

அங்கே மீட்புப் படகு ஓட்டுகிறவன் ஹோலிஸ் ஸ்ப்ரேக். அவனும் தூண்டில்காரன்தான், இவர்களை வருஷக்கணக்காகத் தெரியும். சேதியைக் கேட்டதுமே ஆட்களைக் கூப்பிட்டான்.

"எங்க போறேன்னு சொன்னாரு?"

"வடக்கு முனை, மணல் திட்டுன்னு சொன்னான்" என்றாள் ஜெனீன்.

ஒருத்தன் படகின் கயிற்றை அவிழ்த்தான். "அப்போ வடக்கேதானே?"

"இல்லை, இல்லை! அர்மாண்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? வடக்குன்னு சொன்னா தெற்கு. கருப்புப் பாறையிலதான் இருப்பான்."

ஹோலிஸுக்குச் சட்டென்று புரிந்தது. அவனும் அதே ஜாதிதானே! "தெற்கே விடுங்கப்பா" என்றான்.

கோடைக்காவலுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த இளம் போலீஸ்காரி ஒருத்தி பக்கத்தில் நின்றாள். அந்தக் கூட்டத்தில் மீன் பிடிக்கத் தெரியாதவள் அவள் ஒருத்திதான். "அவரு வடக்குன்னுதானே சொல்லியிருக்காரு? ஒரு படகையாவது அங்க அனுப்பலாமே?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பதைப்பிலும் சிரித்தார்கள். "ஊருக்குப் புதுசும்மா நீ" என்றான் ஒருத்தன். ஜெனீனும் சிரித்தாள். ஐயோ, அவளும்தான் சிரித்தாள்.

இருந்த இரண்டு படகும் தெற்கே போயின. கரையோரமாகப் பாறை பாறையாகத் தேடினார்கள். அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஒவ்வொரு இடுக்காகக் குனிந்து பார்த்தாள். சாயங்காலம் பனி விலகியது. வடக்கே கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போன ஒரு புருஷன் பெண்டாட்டி, புதருக்குள் ஒரு சைக்கிள் கிடக்கிறது என்று வந்து சொன்னார்கள்.

எல்லாரும் அங்கே ஓடினார்கள். அலை எட்டாத கூழாங்கல் மேட்டில் ஒரு தூண்டில் கோல் நட்டு வைத்திருந்தது. அவனுடையது இல்லை. குட்டையானது, எடையே இல்லாதது, கடையிலிருந்து அப்படியே வந்த புதுசு. நரம்பைச் சுற்றுகிற கைப்பிடியை அர்மாண்ட் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தான், வலது தோள் போனவள் பிடிப்பதற்குத் தோதாக. நரம்பு கோத்து, கொக்கி மாட்டி, எடுத்து வீச வேண்டியதுதான் பாக்கி. ஜெனீன் கல்லின் மேல் உட்கார்ந்தாள். லூசியன் தூக்கப் பார்த்தான், முடியவில்லை.

மணல் திட்டு கடலுக்குள் நீளமாகப் போகும். நுனி மேடு, நடுவில் பள்ளம். தண்ணீர் ஏறும்போது பள்ளம்தான் முதலில் மூடும். பனியில் நுனியில் நிற்கிறவனுக்கு அது கண்ணில் படாது. அதுவும் யாரையோ எதிர்பார்த்து நிற்கிறவன் நேரத்தையா பார்ப்பான்? வருஷா வருஷம் அந்தக் கரைக்கு வரும் அர்மாண்டுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. அக்கா வருவாள் என்று நின்றுவிட்டான்.

உடல் மறுநாள் கிடைத்தது. வடக்குப் பக்கம் கூண்டு போட்டு இறால் பிடிக்கிற கிழவர் ஒருத்தர் துறைமுகத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். முந்தின நாள் மத்தியானம் பனிக்குள் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டதாம். கரையில் யாரோ கூப்பிட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம்.

"மத்தியானம்னா எப்போ?" என்று ஜெனீன் கேட்டாள்.

"பன்னெண்டு பன்னெண்டரை இருக்கும்மா."

ஹோலிஸ் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நேரத்தில்தான் அவர்கள் படகில் ஏறினார்கள். வடக்கே திருப்பியிருந்தால் போய்ச் சேர அதிக நேரம் ஆகியிருக்காது.

"என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டான்?"

"சரியாக் காதுல விழலைம்மா" என்றார் கிழவர். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பொய் என்று அவளுக்குத் தெரிந்தது.

கோயிலில் அடக்கப் பூசை முடிந்து எல்லாரும் இறைச்சிப் பணியாரமும் காப்பியுமாக நின்றபோது கிளாடெட் அவள் கையைப் பிடித்தாள்.

"என்கிட்ட ஒரு நாளும் எங்க போறேன்னு சொன்னதில்லை, அண்ணி. உங்ககிட்டயாவது சொன்னாரா?"

யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று லூசியன் கெஞ்சிக் கேட்டிருந்தான். ஜெனீனால் முடியவில்லை. "சொன்னான்" என்றாள். "சரியா இடத்தைச் சொன்னான். என்னையும் கூப்பிட்டான். நான் நம்பலை. தேட வந்தவங்களையும் நம்ப விடலை."

கிளாடெட் கையை விட்டாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். அந்த வீட்டுக் கதவு ஜெனீனுக்கு அப்புறம் திறக்கவே இல்லை. லூசியன் தூண்டிலையே விட்டுவிட்டான்.

அவள் மட்டும் ஜூன் மாசம் தீவுக்குப் போவதை நிறுத்தவில்லை. கோல் எடுத்துப் போவதில்லை. தூண்டில் கடையில் போய் நின்று, வருகிற புது ஆட்களிடம் அந்தத் திட்டுக்குப் போகாதே என்று சொல்வாள். பைத்தியம் என்று சிலர், கெட்டிக்காரக் கிழவி என்று பலர். தம்பி பேச்சை அவள் எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாளோ அப்படித்தான் அவர்களும் கேட்டார்கள்.

போன ஜூனில் கனெக்டிகட் பக்கமிருந்து ஒருத்தன் வந்தான், சின்ன வயசு, சிரித்த முகம். இரைக்கு விலாங்கு வாங்கிக்கொண்டிருந்தவனை அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, வடக்கு முனைத் திட்டுக்கு மட்டும் போகாதே. பனி இறங்கியிருக்கு. தண்ணி பின்னாலிருந்து மூடிடும். என் கூடப்பொறந்தவன் அங்கதான் செத்தான்."

அவன் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். "அடேயப்பா! இதுவரைக்கும் பாசி, சுறான்னுதான் என்னைப் பயமுறுத்தியிருக்காங்க. நீங்க தம்பியையே சாகடிச்சிட்டீங்களே! அவ்வளவு மீனா இருக்கு அங்க?"

கடையே சிரித்தது. அவன் வடக்கே கிளம்பினான். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், அவன் கரையேறுகிற வரைக்கும் பனிக்குள் கத்திக்கொண்டே நின்றாள்.